வீட்டு வரி ரசீதில் ஒரு கணக்கு வாத்தியார்

வீட்டு வரி ரசீதைக் கடைசியாக எப்போது முழுவதும் படித்தீர்கள்? பணம் கட்டியதும் பிடிஎஃப் கோப்பைப் பதிவிறக்கி, குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் 'கட்டியாச்சு' என்று ஒரு வரி போட்டுவிட்டு மறந்துவிடுவதுதான் நம் எல்லோருக்கும் வழக்கம். அடுத்த முறை கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். வரித் தொகையோடு சேர்த்து 'நூலக வரி' என்று ஒன்றும் வாங்கப்படுகிறது. ஊராட்சி, நகராட்சி, மாநகராட்சி எதுவாக இருந்தாலும், தமிழ்நாட்டில் சொந்த வீடு வைத்திருக்கும் எல்லோரும் சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா வீதம் நூலகத்துக்கென்று கட்டுகிறோம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு வீட்டுக்கு ஆண்டுக்கு 3,000 ரூபாய் வரி என்றால், நூலகத்துக்கு 300 ரூபாய். 200 வீடுகள் உள்ள ஒரு குடியிருப்பு என்றால் ஆண்டுக்கு 60,000 ரூபாய். நம்மில் எத்தனை பேர் கடந்த ஓராண்டில் ஒரு பொது நூலகத்துக்குள் கால் வைத்திருக்கிறோம் என்பது வேறு கணக்கு. அதை அவரவரே போட்டுக்கொள்ளலாம்.

இந்த வரி எப்படி வந்தது, யார் கேட்டு வந்தது என்பதுதான் இந்த இதழின் வரலாற்றுப் பக்கம். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நம் கிளப் ஹவுஸ் மாடியில் உள்ள வாசிப்பு அறையை, ஆன்லைனில் வரும் பார்சல்களை வைக்கும் அறையாக மாற்றலாமா என்ற பேச்சு அடுத்த பொதுக்குழுவில் வர இருக்கிறது. 'அங்கே யாரும் போவதே இல்லையே' என்பதுதான் அதற்குச் சொல்லப்படும் காரணம். இதே வாதத்துக்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பு சென்னையில் ஒருவர் வாழ்நாள் முழுக்கப் பதில் சொல்லியிருக்கிறார். கை தூக்குவதற்கு முன் அவர் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது.

சீர்காழியிலிருந்து சைதாப்பேட்டைக்கு

அவர் பெயர் சீர்காழி ராமாமிர்த ரங்கநாதன். எஸ். ஆர். ரங்கநாதன் என்றால் உலகம் முழுவதும் உள்ள நூலகர்களுக்குத் தெரியும். 1892 ஆகஸ்டில் அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்தின் சீர்காழியில் பிறந்தார். ஆறு வயதிலேயே தந்தையை இழந்தார். சிறு வயதில் பேச்சில் திக்கல் இருந்தது. அதை மெல்ல மெல்ல வென்றவர், பிற்காலத்தில் நாடு நாடாகப் போய் மேடைகளில் பேசினார். உங்கள் வீட்டில் வகுப்பில் எழுந்து பேசக் கூச்சப்படும் பிள்ளை இருந்தால் இதை அவசியம் சொல்லுங்கள்.

சென்னை கிறித்துவக் கல்லூரியில் கணக்குப் படித்தார். எட்வர்ட் ராஸ் என்ற பேராசிரியர் அவருக்குக் குருவாக அமைந்தார். பிறகு சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியில் எல்.டி. பட்டம் பெற்று, 1917 முதல் மங்களூர், கோயம்புத்தூர், சென்னை மாநிலக் கல்லூரி என்று அரசுக் கல்லூரிகளில் கணக்கு வாத்தியாராக வேலை பார்த்தார். வேலை அவருக்கு மிகவும் பிடித்திருந்தது. சம்பளம்தான் போதவில்லை.

1923இல் சென்னைப் பல்கலைக்கழகம் 'பல்கலைக்கழக நூலகர்' என்று ஒரு புதுப் பதவியை ஏற்படுத்தியது. சுமார் 900 பேர் விண்ணப்பித்தார்கள். அவர்களில் ஒருவர்கூட நூலகப் பயிற்சி பெற்றவர் இல்லை. பெறவும் வழியில்லை, அப்போது நம் பக்கத்தில் அப்படி ஒரு படிப்பே கிடையாது. ரங்கநாதனும் விண்ணப்பித்தார், விண்ணப்பித்ததையே மறந்தும் போனார். நேர்காணலுக்கு அழைப்பு வந்த பிறகுதான் கலைக்களஞ்சியத்தில் நூலகம் பற்றிய கட்டுரையைத் தேடிப் படித்துவிட்டுப் போனார். கணக்கில் ஆய்வுக் கட்டுரைகள் எழுதியிருந்தது அவருக்குக் கைகொடுத்தது. 1924 ஜனவரியில் வேலையில் சேர்ந்தார்.

சேர்ந்த சில நாட்களிலேயே வெறுத்துப் போனார். வகுப்பறையில் எப்போதும் மாணவர்கள் சூழ இருந்தவருக்கு, ஆள் நடமாட்டமே இல்லாத அறையில் புத்தகங்களுக்குக் காவல் இருப்பது சிறை மாதிரி இருந்தது. 'என்னை மறுபடி கணக்கு வாத்தியாராகவே போட்டுவிடுங்கள்' என்று மேலிடத்தில் போய் நின்றார். அவர்கள் ஒரு உடன்பாட்டுக்கு வந்தார்கள்: லண்டன் போய் நூலகப் பணி எப்படி நடக்கிறது என்று படித்துவிட்டு வாருங்கள்; திரும்பி வந்த பிறகும் பிடிக்கவில்லை என்றால் பழைய வேலை உங்களுக்கே.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். இந்திய நூலகத் துறையின் தந்தை என்று இன்று போற்றப்படுகிறவரே, ஆள் இல்லாத நூலகத்தைப் பார்த்து ஓட நினைத்தவர்தான். நம் வாசிப்பு அறைக்கு யாரும் போகாததில் வியப்பு ஒன்றும் இல்லை.

லண்டனில் கண்டது

லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் நூலகவியல் வகுப்பில் சேர்ந்தார். அங்கே பாடம் நடத்திய பெர்விக் சேயர்ஸ், குராய்டன் நகரப் பொது நூலகத்தின் தலைமை நூலகராகவும் இருந்தார். அவர் வழிகாட்டுதலில் ரங்கநாதன் 100க்கும் மேற்பட்ட நூலகங்களைச் சுற்றிப் பார்த்தார்.

அங்கே அவர் கண்டது இரண்டு விஷயங்கள். ஒன்று, நூலகம் என்பது படித்த பெரிய மனிதர்களுக்கு மட்டுமானதாக அங்கே இல்லை. தொழிலாளி வேலை முடிந்து வந்து புத்தகம் எடுத்தார். பெண்கள் வந்தார்கள். சிறுவர்களுக்குத் தனிப் பகுதி இருந்தது. எல்லாம் ஊர் வரிப் பணத்தில் நடந்தது. இரண்டு, இவ்வளவு நன்றாக நடந்தாலும் ஒரு நூலகத்தில் ஒரு முறை, இன்னொன்றில் வேறொரு முறை. ஏன் இப்படிச் செய்கிறோம் என்பதற்கு அடிப்படையான விதிகளை யாரும் வகுத்திருக்கவில்லை. சில அடிப்படை உண்மைகளிலிருந்து மற்ற எல்லாவற்றையும் வருவிக்கும் கணித மூளைக்கு இது உறுத்தலாக இருந்தது.

மூன்றாவதாக, ஒரு பொம்மைக் கடையிலும் அவருக்கு ஒரு யோசனை கிடைத்தது. மெக்கானோ என்ற விளையாட்டுப் பொருளைப் பார்த்தார். அதே இரும்புப் பட்டைகள், அதே திருகாணிகள். மாற்றி மாற்றிப் பூட்டினால் ஒருமுறை பாலம், ஒருமுறை கிரேன், ஒருமுறை வண்டி. புத்தகங்களுக்கு எண் கொடுப்பதையும் இப்படிச் செய்யலாமே என்று தோன்றியது. அதற்குப் பிறகு கணக்கு வாத்தியார் வேலையை அவர் கேட்கவே இல்லை.

பூட்டைத் திறந்தவர்

1925இல் சென்னை திரும்பியவர் நூலகத்தைத் தலைகீழாக மாற்றினார். வாசகர்கள் தாங்களே அலமாரி வரை போய்ப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து எடுக்கலாம் என்றார். அதுவரை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். நேரத்தை நீட்டினார்; விடுமுறை நாட்களிலும் திறந்து வைத்தார். வருகிறவருக்கு வேண்டிய நூலைத் தேடித் தர ஆட்களைப் பழக்கினார். நூலகம் முதலில் கன்னிமாரா நூலகக் கட்டடத்தில் இயங்கியது. 1936இல் சேப்பாக்கத்தில், கடற்கரைச் சாலையோரம், தனக்கென்று கட்டிய கட்டடத்துக்குக் குடிபோனது.

அவர் உழைத்த விதத்தைப் பற்றி ஒரு செய்தி உண்டு. சென்னையில் இருந்த 20 ஆண்டுகளில் நாளுக்கு 13 மணி நேரம், வாரத்துக்கு ஏழு நாள் வேலை செய்தார். சாரதா அம்மாளைத் திருமணம் செய்துகொண்ட அன்று பிற்பகலே நூலகத்துக்குத் திரும்பிவிட்டார். இதை யாரும் பின்பற்ற வேண்டாம். வீட்டில் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நூலகத்துக்கு ஆள் வரவில்லை என்றதும் அவர் ஆட்களைக் குறை சொல்லவில்லை. கதவையும் நேரத்தையும் அலமாரியையும் மாற்றினார்.

ஐந்து விதிகள்

லண்டனில் கேட்ட கேள்விக்கு விடை கிடைக்கச் சில ஆண்டுகள் ஆயின. 1928இல் பழைய குரு ராஸ் அவரைப் பார்க்க வந்தார். தன் மனதில் சுற்றிக்கொண்டிருப்பதை ரங்கநாதன் சொல்லச் சொல்ல, 'புத்தகம் என்பது பயன்படுத்துவதற்குத்தான் என்கிறாய், அதுதானே உன் முதல் விதி' என்ற பொருளில் அவர் எடுத்துக் கொடுத்தார். முடிச்சு அவிழ்ந்தது. மற்ற நான்கும் அதைத் தொடர்ந்து வந்தன. 1931இல் 'நூலகவியலின் ஐந்து விதிகள்' என்ற நூல் ஆங்கிலத்தில் வெளியானது. உலகெங்கும் நூலகவியல் மாணவர்கள் இன்றும் படிக்கும் பாடம் அது.

அந்த ஐந்தையும் நம் குடியிருப்பு மொழியில் சொல்லிப் பார்க்கலாம்.

முதல் விதி, புத்தகம் இருப்பது பயன்படுவதற்கு. ஐரோப்பாவில் ஒரு காலத்தில் புத்தகங்களைச் சங்கிலியால் மேசையோடு பிணைத்து வைத்திருந்தார்கள். நாம் சங்கிலி போடுவதில்லை. பூட்டுப் போட்டு, சாவியைச் செக்யூரிட்டி அறையில் வைக்கிறோம். பலன் ஒன்றுதான்.

இரண்டாவது, ஒவ்வொருவருக்கும் ஏற்ற புத்தகம் இருக்க வேண்டும். படித்தவர், படிக்காதவர், ஆண், பெண், முதியவர், குழந்தை என்ற வேறுபாடு கூடாது. பொறியியல் படிக்கும் பையனுக்கு மட்டும் இல்லை. பேத்தியைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டிக்கும், நம் வீட்டில் வேலை செய்யும் அக்காவின் மகளுக்கும் உரியது அங்கே இருக்க வேண்டும்.

மூன்றாவது, அதையே புத்தகத்தின் பக்கம் நின்று பார்ப்பது. ஒவ்வொரு புத்தகத்துக்கும் எங்கோ ஒரு வாசகர் இருக்கிறார். அவரிடம் அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். வாடகை வீட்டைக் காலி செய்கிறவர்கள் விட்டுச் சென்ற பழைய போட்டித் தேர்வுப் புத்தகங்கள்கூட யாரோ ஒருவருக்குத் தேவைப்படும். அவை இங்கே இருக்கின்றன என்று அவருக்குத் தெரிந்தால்தான்.

நான்காவது, வருகிறவரின் நேரத்தை வீணாக்கக் கூடாது. தேடும் நூல் இருக்கிறதா, இல்லையா, எந்த அடுக்கில் என்று உடனே தெரிய வேண்டும்.

ஐந்தாவது, நூலகம் உயிருள்ள ஒன்று, வளர்ந்துகொண்டே இருக்கும். புதியது சேர வேண்டும், பயனற்றது கழிய வேண்டும். திறப்பு விழா அன்று வாங்கிய புத்தகங்களோடு நின்றுபோன நூலகம் அன்றே மூச்சை விட்டுவிடுகிறது.

இந்த ஐந்தில் எதிலுமே கட்டடத்தைப் பற்றியோ புத்தக எண்ணிக்கையைப் பற்றியோ பேச்சு இல்லை. நமக்குப் பக்கத்தில் செம்பரம்பாக்கம் ஏரி இருக்கிறது. முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. மழைக்காலத்தில் தினமும் அந்த எண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் சென்னைக்குத் தாகம் தீர்வது ஏரியில் எவ்வளவு இருக்கிறது என்பதால் மட்டும் இல்லை. குழாய் வழியே வீடு வரை வந்து சேர்வதால். ரங்கநாதனின் கண் எப்போதும் அந்தக் குழாய் மேல் இருந்தது.

தொழிலுக்கு ஒரு மரியாதை

நூலகர் என்றால் அந்தக் காலத்தில் புத்தகங்களைக் காவல் காக்கும் எழுத்தர் என்றுதான் எண்ணம். இதை மாற்ற ஒருவர் மட்டும் பாடுபட்டால் போதாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. 1928 ஜனவரியில் சென்னை நூலகச் சங்கம் தொடங்கப்பட்டது. அதன் செயலராக நீண்ட காலம் இருந்தார். 1929இல் சங்கமே கோடைக்காலப் பயிற்சி வகுப்பைத் தொடங்கியது. ஆசிரியர்கள் வந்து படித்தார்கள். 1931இல் பல்கலைக்கழகம் அந்த வகுப்பை ஏற்று நடத்தத் தொடங்கியது. 'இதையெல்லாம் யார் வேண்டுமானாலும் செய்யலாமே' என்று சொன்ன வேலை, படித்துத் தேர்ச்சி பெற வேண்டிய தொழிலாக மாறியது இப்படித்தான்.

சங்கம் ஊர்ப்புறங்களுக்கும் போனது. மன்னார்குடி அருகே மேலவாசலைச் சேர்ந்த கனகசபைப் பிள்ளை என்ற ஓய்வுபெற்ற பொறியாளர், ஒரு மாட்டு வண்டியில் புத்தக அடுக்குகள் அமைத்து நடமாடும் நூலகம் ஒன்றை உருவாக்கினார். 1931 அக்டோபரில் அதைத் தொடங்கி வைத்தவர் ரங்கநாதன். சுற்றுவட்டார ஊர்களுக்கு வண்டி போய்ப் புத்தகம் கொடுத்து வாங்கி வந்தது. யோசனை லண்டனில் படித்தவருடையது மட்டும் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஓய்வுபெற்ற ஒருவர், தன் கைத்திறனை ஊருக்குப் பயன்படுத்த நினைத்தார். நம் குடியிருப்பிலும் ஓய்வுபெற்ற பொறியாளர்களுக்குப் பஞ்சமில்லை.

மெக்கானோவும் மளிகை ஆப்பும்

பொம்மைக் கடையில் தோன்றிய யோசனை 1933இல் 'கோலன் பகுப்பு முறை' என்ற நூலாக வந்தது. இதை இரண்டு நிமிடத்தில் புரிந்துகொள்ளலாம். அமெரிக்காவின் மெல்வில் டூயி 1876இல் வெளியிட்ட முறையில், அறிவுத் துறைகளுக்கு எல்லாம் முன்கூட்டியே எண் போட்ட பெட்டிகள் உண்டு. புத்தகம் வந்தால் பொருத்தமான பெட்டியில் போட வேண்டும். 'செம்பரம்பாக்கம் ஏரியில் 2015ஆம் ஆண்டு வெள்ளக் கட்டுப்பாடு' என்று ஒரு புத்தகம் வந்தால் எந்தப் பெட்டியில் போடுவீர்கள்? ஏரியிலா, வெள்ளத்திலா, சென்னையிலா?

ரங்கநாதன் சொன்னது: பெட்டி தேடாதீர்கள், கேள்வி கேளுங்கள். எதைப் பற்றியது? அங்கே நடக்கும் செயல் என்ன? எந்த இடம்? எந்தக் காலம்? ஒவ்வொரு விடைக்கும் ஒரு குறியீடு. நடுவே கோலன் போன்ற நிறுத்தக்குறிகள். எல்லாவற்றையும் மெக்கானோ போலப் பூட்டினால் அந்தப் புத்தகத்துக்கே உரிய எண் கிடைத்துவிடும். முறை சற்றுக் கடினமானது. நம் பொது நூலகங்கள் பலவும் டூயி முறையிலேயே நடக்கின்றன. ஆனால் அந்த யோசனை வேறு வழியில் நம் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. ஆன்லைன் கடையில் சட்டை வாங்கும்போது அளவு, நிறம், விலை, துணி என்று ஒவ்வொன்றாகத் தட்டித் தட்டிச் சலித்து எடுக்கிறீர்கள் அல்லவா? ஒரு பொருளைப் பல பக்கங்களிலிருந்து ஒரே நேரத்தில் தேடும் இந்த முறையின் முன்னோடி என்று தகவல் துறையினர் சீர்காழிக்காரரைத்தான் சொல்கிறார்கள்.

18 ஆண்டு காத்திருந்த சட்டம்

இப்போது வரிக்கு வருவோம். நூலகம் நல்ல விஷயம் என்று எல்லோரும் சொல்வார்கள். பணம் என்று வந்ததும் பேச்சு நின்றுவிடும். நன்கொடையில் நடக்கும் நூலகம் கொடுத்தவர் இருக்கும் வரை நடக்கும், பிறகு பூட்டிக்கொள்ளும். லண்டனில் அவர் பார்த்த நூலகங்கள் நிலைத்து நின்றதற்குக் காரணம், சட்டமும் வரியும். 1930இல் காசியில் கூடிய அனைத்து ஆசியக் கல்வி மாநாட்டில் ஒரு மாதிரி நூலகச் சட்டத்தை அவர் முன்வைத்தார். 1930களில் அதைச் சட்டமாக்கச் செய்த முயற்சிகள் கைகூடவில்லை. புது வரி என்றால் யாருக்குத்தான் பிடிக்கும்?

அவர் விடவில்லை. 1946இல் தி. சு. அவினாசிலிங்கம் சென்னை மாகாணக் கல்வி அமைச்சரானார். கோயம்புத்தூர்க்காரர், கல்வியில் ஆழ்ந்த அக்கறை உள்ளவர். அவர் காலத்தில், 1948இல், சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சுதந்திர இந்தியாவில் வந்த முதல் பொது நூலகச் சட்டம் அதுதான். மாவட்டத்துக்கு ஒரு நூலக ஆணைக்குழு. சொத்து வரியோடு சேர்த்து நூலக வரி. அதை உள்ளாட்சி வசூலித்து ஆணைக்குழுவிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. சட்டம் 1950 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபோது, எழும்பூர் கன்னிமாரா நூலகம் மாநில மைய நூலகமானது. அம்பத்தூரிலோ ஆவடியிலோ வளர்ந்தவர்கள் பள்ளி நாட்களில் நாளிதழ் படிக்கப் போன கிளை நூலகம் உங்கள் நினைவில் இருக்கும். அந்த அறையின் வாடகையும், மேசையும், நூலகரின் சம்பளமும் இந்தச் சட்டத்தின் வழியே வந்தவைதான்.

எல்லாம் சரியாக நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். வசூலித்த நூலக வரியை உள்ளாட்சிகள் உரிய காலத்தில் ஒப்படைக்காமல் நிலுவை வைக்கின்றன என்ற செய்தியை நீங்களும் நாளிதழ்களில் படித்திருப்பீர்கள். ஆனால் கேட்கும் உரிமை நமக்கு இருக்கிறது. நன்கொடைப் பெட்டியில் போட்ட காசைப் பற்றிக் கேட்க முடியாது. கட்டிய வரியைப் பற்றிக் கேட்கலாம். ரங்கநாதன் நமக்கு வாங்கிக் கொடுத்தது அந்த உரிமையை.

பிறகு

1945இல் அவர் சென்னையை விட்டுக் காசி இந்துப் பல்கலைக்கழகம் போனார். அங்கே சுமார் 1 லட்சம் நூல்களைத் தாமே பகுத்தார். அடுத்து டெல்லிப் பல்கலைக்கழகம். 1944 முதல் 1953 வரை இந்திய நூலகச் சங்கத்தின் தலைவர். 1957இல் பத்மஸ்ரீ. 1962இல் பெங்களூரில் ஆவணவியல் ஆராய்ச்சிப் பயிற்சி மையத்தை நிறுவினார். 1965இல் தேசிய ஆராய்ச்சிப் பேராசிரியர் ஆனார். 50க்கும் மேற்பட்ட நூல்கள் எழுதினார். 1972 செப்டம்பர் 27 அன்று பெங்களூரில் காலமானார்.

இவற்றுக்கு நடுவே ஒரு செய்தியை இரண்டு முறை படியுங்கள். 1956இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு 1 லட்சம் ரூபாய் நன்கொடை கொடுத்தார். நூலகவியலுக்கு ஒரு பேராசிரியர் பதவி ஏற்படுத்துவதற்காக. அன்றைய 1 லட்சம், சம்பளத்தில் மிச்சம் பிடித்துச் சேர்த்த பணம். அந்தப் பதவிக்குத் தன் பெயரை மட்டும் வைக்கவில்லை; சாரதா ரங்கநாதன் என்று மனைவியின் பெயரை முன்னால் வைத்தார். திருமண நாள் கணக்கு அப்படி நேர்செய்யப்பட்டது போலும்.

அவர் மறைந்த அதே 1972இல், தமிழ்நாட்டில் பொது நூலகத் துறை தனித் துறையாகி, அதன் முதல் இயக்குநராக வே. தில்லைநாயகம் பொறுப்பேற்றார். கன்னிமாராவில் நூலகராக இருந்தவர். அதுவரை பள்ளிக் கல்வியைக் கவனித்த அதிகாரியின் பொறுப்பில் கூடுதல் வேலையாக இருந்த துறைக்கு, நூலகர் ஒருவரே தலைமை ஏற்றார். பல ஆண்டுகள் முன்பு தொடங்கிய அந்தக் கோடைக்கால வகுப்பின் பயன் அங்கே தெரிந்தது.

பள்ளிப் பிள்ளைகளும் ஒரு சாவியும்

ரங்கநாதன் எத்தனை உயரம் போனாலும் உள்ளுக்குள் ஆசிரியராகவே இருந்தார். பள்ளி, கல்லூரி நூலகங்களைப் பற்றி 1942இல் தனியாக ஒரு புத்தகமே எழுதினார். பாடப்புத்தகத்தை மனப்பாடம் செய்வதோடு படிப்பு முடிவதில்லை, பிள்ளை தானே தேடிக் கண்டுபிடிக்கும் இடம் நூலகம் என்பது அவர் கொள்கை. நம் குடியிருப்புப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள்: உங்கள் பள்ளியில் நூலக வகுப்பு இருக்கிறதா, அந்த வகுப்பில் நூலகத்துக்குப் போகிறீர்களா, அல்லது கணக்கு டீச்சர் வந்து பாக்கிப் பாடத்தை முடிக்கிறாரா? பதிலைக் கேட்டுவிட்டு அடுத்த பெற்றோர் கூட்டத்தில் ஒரு வார்த்தை பேசுங்கள். பள்ளி நூலகர் என்பவர் பிள்ளை ஒவ்வொன்றும் எதில் ஆர்வம் உள்ளது என்று அறிந்து, உரிய நேரத்தில் உரிய புத்தகத்தை நீட்டுகிறவர். அப்படி ஒருவர் அமைந்தால் பள்ளி செய்த பாக்கியம்.

நம் வாசிப்பு அறைக்கு வருகிறேன். பார்சல் வைக்க இடம் வேண்டும் என்பது உண்மையான தேவைதான். கேட் அருகே அட்டைப் பெட்டிகள் மலை போல் குவிவதை நானும் பார்க்கிறேன். அதற்கு வேறு இடம் யோசிப்போம். ஆனால் 'யாரும் வருவதில்லை' என்பதை மட்டும் காரணமாகச் சொல்வதற்கு முன், ரங்கநாதன் செய்ததை மூன்று மாதம் செய்து பார்க்கலாம் என்பது என் கோரிக்கை.

அறையை மாலை 5 மணி முதல் 8 மணி வரை பூட்டாமல் திறந்து வைப்போம். பிள்ளைகள் விளையாடி முடித்து வரும் நேரம் அது. அலமாரிக் கண்ணாடிக் கதவுகளின் பூட்டை எடுத்துவிடுவோம். என்ன புத்தகம் இருக்கிறது என்று ஒரு பட்டியல் தயாரித்து வாட்ஸ்அப் குழுவில் போடுவோம். யாரும் தொடாத 2009ஆம் ஆண்டு கணினிப் புத்தகங்களைக் கழித்துவிட்டு, வீட்டுக்கு ஒன்று என்று நல்ல புத்தகம் சேர்ப்போம். பெயர் எழுத ஒரு நோட்டு, பொறுப்புக்கு வாரம் ஒருவர். காணாமல் போகும் என்று பயப்பட வேண்டாம். இரண்டொன்று போகும், பூட்டி வைத்தால் மொத்தமும் போனதற்குச் சமம்.

கூடவே, ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் அருகில் உள்ள கிளை நூலகத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போய் உறுப்பினராக்குங்கள். அங்குள்ள நூலகரிடம் என்ன புத்தகம் வேண்டும் என்று கேளுங்கள். கேட்க ஆள் வந்தால் அவர் முகம் மலரும். ஆகஸ்ட் 12, ரங்கநாதனின் நினைவாக இந்தியாவில் தேசிய நூலகர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. அன்று நம் பிள்ளைகள் நால்வர் போய் அந்த நூலகருக்கு வாழ்த்துச் சொன்னால் அதைவிட நல்ல விழா வேறு இல்லை.

மூன்று மாதம் கழித்து நோட்டைத் திறந்து பார்ப்போம். அதில் பெயர்கள் இல்லை என்றால், அறையைப் பார்சலுக்குக் கொடுக்க நானே முதலில் கை தூக்குகிறேன். வரும் பொதுக்குழுவில் மட்டும் அவசரப்பட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நோட்டு வாங்கியாகிவிட்டது, முதல் வாரப் பொறுப்புக்கு ஒரு பெயர்தான் வேண்டும். விருப்பமுள்ளவர்கள் சங்க அலுவலகத்தில் சொல்லுங்கள்.